வேண்டாம் என்று சொன்ன வண்டி

வேண்டாம் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டேன். நான் எங்கே சொன்னேன், வாய் சொன்னது. "மாமா, சும்மா ஏறி உக்காந்து பாக்குறீங்களா?" என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, அதற்குள் அந்த வேண்டாம் உள்ளேயிருந்து எழுந்து வந்துவிட்டது. இப்போது இரண்டாவது தடவை கேட்பார் என்று இந்தப் புல்வெட்டும் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். கேட்க வேண்டும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அதுதான் முறை. முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம், முதலில் சொன்னதைக் காப்பாற்றுவதற்கு. மூன்றாவது தடவையும் கேட்டால்தான் 'இவ்வளவு சொல்லுதிய, சரி, கொஞ்சமா வைங்க' என்று இலைமேல் குடையாகப் பிடித்திருந்த கையை எடுக்கலாம். இந்தக் கணக்குத் தெரியாமல் எங்கள் ஊரில் அடுத்த வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்க முடியாது. ஆனால் மாப்பிள்ளை பிரேம்நாத் பிறந்ததுதான் தாமிரபரணிக் கரை. வளர்ந்தது சென்னை, சம்பாதிப்பது அமெரிக்காவில் இந்த ஒஹையோ. இவருக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நாங்கள் வந்திறங்கிய மறுநாளே அது தெரிந்துபோயிற்று. "இன்னொரு தோசை மாமா?" "போதும் மாப்பிள்ளை." அவ்வளவுதான், அடுப்பை அணைத்து, மாவை ஃபிரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். தங்கமான மனிதர், கெட்ட எண்ணம் ஒரு சொட்டுக் கிடையாது. நான்தான் அன்றைக்கு என் மனைவி ஆவுடை சூட்கேஸில் கொண்டுவந்த முறுக்கைப் பாத்ரூமுக்குள் எடுத்துப்போய், கடிக்கிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டுத் தின்றேன். அப்பா இவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறாரே என்று பயந்து என் மகள் சுபா ஓமத்தண்ணி வேறு வைத்துக் கொடுத்தாள். அதற்கும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் என் மகள் இல்லையா, மூன்று தடவை கேட்டுக் குடிக்க வைத்துவிட்டாள்.

இன்னும் கேட்கவில்லை. கடைக்கார அம்மாளிடம் பேசிக்கொண்டிருக்கிறார். ஷெரில் என்று அந்த அம்மாள் சட்டையில் பெயரே தைத்திருக்கிறது, நல்ல வசதி, யாரிடமும் கேட்க வேண்டாம். என் வயதுதான் இருக்கும், தொப்பி போட்டுக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி வண்டிச் சக்கரத்தின்மேல் வைத்துக்கொண்டு பேசுகிறாள். கடை என்றுதான் மாப்பிள்ளை கூட்டிவந்தார். பார்த்தால் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டடம், மற்றபடி ஜல்லி கொட்டிய ஒரு மைதானம், அதில் வரிசை வரிசையாகப் புல்வெட்டும் வண்டிகள், மாட்டுச் சந்தை மாதிரி. மாப்பிள்ளையும் சந்தைக்கு வந்தவர் மாதிரிதான் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி வருகிறார், குனிகிறார், அடியைத் தட்டிப் பார்க்கிறார், பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் குறை. ஜீரோ டர்ன் என்று இந்த வண்டிக்குப் பெயர். ஸ்டீயரிங் கிடையாது. மடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு லீவர். இரண்டையும் தள்ளினால் முன்னால் போகும், இழுத்தால் பின்னால் வரும். ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுத்தால் நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்றும், கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அது மாதிரி. கன்னத்தில்தான் போட்டுக்கொள்ள முடியாது, இரண்டு கையிலும் லீவர். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று வைத்திருக்கிறாள். பெரியது வீட்டுப் பக்கவாட்டுக் கேட்டுக்குள் நுழையாதாம். சின்னது புல்லை முடிக்க அரை நாள் ஆகுமாம். அரை நாள்! சின்னதையே வாங்குங்கள் என்று தொண்டை வரை வந்தது. ஒன்றரை ஏக்கர் புல் மாப்பிள்ளை வீட்டில். எங்கள் பக்கம் ஒன்றரை ஏக்கர் இருந்தால் யோசிக்காமல் பெண் கொடுப்பார்கள். இங்கே ஒன்றரை ஏக்கரிலும் புல்லை வளர்த்து, வளர்ந்ததை வெட்டி, வெட்டியதை ஒரு மாட்டுக்குக்கூடப் போடாமல் கொட்டிவிடுகிறார்கள். வெட்டாவிட்டால் காலனிச் சங்கத்துக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். தள்ளிக்கொண்டு போகிற பழைய மெஷின் போன வாரம் உயிரை விட்டது, அதற்கு முன்பே மாப்பிள்ளையின் முதுகு விட்டுவிட்டது. புல் இப்போது முழங்காலுக்கு வருகிறது. அதனால்தான் இந்தச் சனிக்கிழமை, சுபாவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி, நாங்கள் மூன்று பேரும் இங்கே.

நடுத்தரம்தான். பார்த்தவுடனே மனது அதில் போய் உட்கார்ந்துவிட்டது. உயரமான முதுகு வைத்த கறுப்பு சீட், கை வைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் மெத்தை, காப்பி டம்ளர் வைக்க ஒரு குழி. மின்வாரியத்தில் நான் ரிட்டயர் ஆகும்வரை எனக்குக் கொடுத்த நாற்காலிக்குக்கூடக் கை கிடையாது. ஆனால் மாப்பிள்ளையின் கண் இன்னொன்றின் மேல் இருக்கிறது, எனக்குத் தெரிகிறது. கடைக்குள்ளே கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் ஆமை மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ரோபோ. யாரும் ஏற வேண்டாம், யாரும் தள்ள வேண்டாம், அதுவே கிளம்பும், அதுவே வெட்டும், அதுவே போய்ப் படுத்துக்கொண்டு கரண்டு குடிக்கும். "இதை வாங்கிட்டா யாருக்குமே கஷ்டம் இல்ல மாமா" என்று உள்ளே நுழைந்ததும் சொன்னார். யாருக்குமே கஷ்டம் இல்லை. வீட்டுக்குள்ளே ஏற்கெனவே ஒரு ஆமை இருக்கிறது, தரை பெருக்குவது. காலையில் நான் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது வரும், என் காலில் முட்டும், ஒரு நிமிஷம் யோசிக்கும், இது ஏதோ மேசைக்கால் என்று முடிவு பண்ணித் திரும்பிப் போகும். தினமும் முட்டுகிறது, தினமும் அதே முடிவுக்குத்தான் வருகிறது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்னும் நாலு மாதம் இருக்கிறது ஊருக்குத் திரும்ப. உள்ளே ஒரு ஆமை, ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆமை, நடுவில் நான். எங்கள் ஆபீஸ் மந்திரமூர்த்தி ரிட்டயர் ஆனதும் டிவி முன்னால் உட்கார்ந்தவர்தான், அடுத்த வருஷம் அந்த நாற்காலியைக் கழுவி வெளியே போட்டார்கள். சீச்சீ, என்ன நினைப்பு இது, கறுப்பு சீட்டைப் பார், அதைப் பார்.

இங்கே நடந்து போகக் கடை இல்லை, ஏறிப் போக பஸ் இல்லை. கார் இல்லாதவன் இந்த ஊரில் சாமான்தான். மாப்பிள்ளை வீட்டில் இரண்டு கார் இருக்கிறது, எனக்குத்தான் ஓட்டத் தெரியாது, லைசென்ஸும் கிடையாது. இங்கே மட்டுமா, ஊரிலும் கிடையாது. சர்வீஸ் முழுக்க வாரிய ஜீப்பில் இடது பக்கத்து சீட். டிரைவர் பிச்சாண்டி ஓட்டுவார், நான் கையைக் கதவுமேல் வைத்துக்கொண்டு வருவேன். சல்யூட் எல்லாம் எனக்குத்தான், ஆனால் ஜீப் யார் சொல்வதைக் கேட்டது, பிச்சாண்டி சொல்வதைத்தான். ரிட்டயர் ஆனதும் நானும் ஆவுடையும் சேர்ந்தே டிரைவிங் ஸ்கூலுக்குப் போனோம். எனக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான் அவளைச் சேர்த்தேன். டெஸ்ட் அன்றைக்கு என்னை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். பின்னால் ஒரு டீக்கடை பெஞ்ச் இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் சத்தம் போடவில்லை, ஓடவில்லை, கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து ஓரமாக நின்றார்கள், நான் வந்து பெஞ்ச்சை இடித்ததும் மறுபடி குடிக்க ஆரம்பித்தார்கள். அந்த நிதானத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அடுத்தது ஆவுடை. ஒரே மூச்சில் பாஸ். அதிலிருந்து பாளையங்கோட்டையில் அவள் ஓட்டுகிறாள், நான் இடது பக்கம். கையில் அவள் பை, மடியில் தேங்காய். "எடது பக்கம் ஏதும் வருதா பாத்துச் சொல்லுங்க, மத்தபடி வாயத் தொறக்காதிய." இதுதான் எனக்கு உத்தியோகம். சரி, வாழ்க்கையே இடது பக்கம் என்று எழுதியிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று பார்த்தால், இந்த நாட்டில் இடது பக்கத்தில் ஸ்டீயரிங்கை வைத்திருக்கிறார்கள். முதல் நாளிலிருந்து இன்று காலை வரை, கார் பக்கத்தில் போனால் என் கால் தானாக இடது பக்கக் கதவுக்குத்தான் போகிறது. கதவைத் திறந்தால் உள்ளே ஸ்டீயரிங். "மாமா, அந்தப் பக்கம்" என்கிறார் மாப்பிள்ளை, மெதுவாக, சிரிக்காமல். அவர் சிரித்துவிட்டால் பரவாயில்லை. நான் காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறேன். ஒவ்வொரு தடவையும் என்னை டிரைவர் சீட்டிலிருந்து இறக்கிவிட்ட மாதிரியே இருக்கிறது, ஏறாமலே.

"என்ன, அதையே மொறச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிய?" என்கிறாள் ஆவுடை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். ஒன்றுமில்லை என்றேன். "வேணும்னா மாப்ளைட்ட சொல்லுங்களேன்." பல்லைக் கடித்துக்கொண்டு, சும்மா இரு என்றேன். இவளுக்கு என்ன, மாமியார். மாமியார் கேட்கலாம், கொத்தமல்லி இல்லையே மாப்பிள்ளை என்றால் அடுத்த நிமிஷம் கார் கிளம்புகிறது. நான் பெண்ணைக் கொடுத்தவன். கல்யாண மேடையில் தாம்பாளத்தில் கால் கழுவி, சந்தனம் பூசி, கொடுத்தாயிற்று. கொடுத்த கை வாங்கக் கூடாது, கேட்கவே கூடாது. என் அப்பா என் அக்காள் வீட்டுக்குப் போனால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், நாக்கு வறண்டு வெளியே வந்து தெருக்குழாயில் குடிப்பார். நான் அவ்வளவு இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஏசி போட்டால் போடாதே என்று சொல்வதில்லை. ஆனால் மாப்பிள்ளை, எனக்கு ஒரு வண்டி வாங்கிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? புல் வெட்டத்தான் என்றாலும் அது வண்டி இல்லையா? கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வண்டி கேட்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். மாமனார் வண்டி கேட்டதாக எந்த ஊரிலாவது உண்டா? மாப்பிள்ளையும் லேசுப்பட்டவர் இல்லை. பழைய மெஷின் உயிரோடு இருந்தபோது ஒரு நாள் யாரும் இல்லையே என்று அதன் கைப்பிடியைத் தொட்டேன். தொடத்தான் செய்தேன். மாடியிலிருந்து மீட்டிங்கை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடி வந்தார். "ஐயோ மாமா, நீங்க போய்... விடுங்க மாமா!" நான் எண்ணூறு கம்பெனிக்கு லைன் கொடுத்தவன், அன்றைக்குத்தான் கரண்டு கம்பியைத் தொட்டவன் மாதிரிக் கையை எடுத்தேன். மாமனாரைக் கூட்டிவந்து புல் வெட்ட வைத்தான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். மாப்பிள்ளையிடம் கை நீட்டினான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். சொல்லப்போகிற அந்த யாரோ ஒரு ஆள் எங்கே இருக்கிறான், அவனைத்தான் தெரியவில்லை.

மரியாதை பெரிய தொல்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர். தண்ணீர் குடிக்க மாடியிலிருந்து இறங்கி வருவார். வந்தால் நான் சோபாவிலிருந்து எழுந்து நிற்பேன். "உக்காருங்க மாமா" என்பார். "இருக்கட்டும் மாப்பிள்ளை" என்பேன். மாப்பிள்ளை நிற்கும்போது நான் சாய்ந்துகொண்டு இருப்பதா? அவர் தண்ணீரை வேகவேகமாகக் குடித்துவிட்டுப் போவார், மேல்சட்டையில் எல்லாம் சிந்தும். இப்போதெல்லாம் அவர் அந்த வழியாக வருவதில்லை. பின்பக்கம் கராஜ் வழியாகச் சுற்றி சமையலறைக்குப் போகிறார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டில். எனக்குச் சத்தம் கேட்டுவிடும். கேட்டால் அங்கே திரும்பி எழுந்து நிற்பேன். இவருக்கு ரோபோமேல் ஆசை வராமல் என்ன செய்யும், புல்லுக்கு ரோபோ, தரைக்கு ரோபோ, மாமனாருக்கும் ஒன்று இருந்தால் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார். அதோ, கடைக்குள்ளே திரும்பிப் பார்க்கிறார். ஆமையைப் பார்க்கிறார். ஷெரில் ஏதோ விலை சொல்கிறாள். தலையாட்டுகிறார். முடிந்தது. இல்லை, என்னைப் பார்க்கிறார். "மாமா, உங்களுக்கு எது நல்லாருக்கும்னு தோணுது?" கேட்டுவிட்டார்! இதுதான் சமயம், சொல்லு, பூதலிங்கம், வாயைத் திற, கறுப்பு சீட் என்று சொல்லு. "உங்க இஷ்டம் மாப்பிள்ளை. நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிதான்." ஐயோ. ஆவுடை தலையில் அடித்துக்கொள்ளப் போன கையை அப்படியே கூந்தலைச் சரி செய்வது போலத் திருப்பிக்கொள்கிறாள்.

காப்பாற்றியது ஷெரில். அவளுக்கு மாமனாரும் தெரியாது, மாப்பிள்ளையும் தெரியாது. இவ்வளவு நேரம் என் கண் எங்கே இருந்தது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. நேரே வந்து என் முழங்கையைப் பிடித்தாள், ஒரு பெண்பிள்ளை என் கையைப் பிடிக்கிறாளே என்று ஆவுடையைப் பார்ப்பதற்குள் என்னை சீட்டில் ஏற்றிவிட்டாள். வேண்டாம் என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகு சொல்வதில் என்ன இருக்கிறது. என்ன சீட் அது! முதுகைப் பிடித்து, இரு, நான் இருக்கிறேன் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. அவள் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை தமிழில் சொல்கிறார். "பிளேடு ஓடாதாம் மாமா, ஆஃப் பண்ணி வச்சிருக்காங்களாம். பயப்படாதீங்க." எனக்கென்ன பயம். கை வைக்கிற மெத்தையைத்தான் விடாமல் பிடித்திருக்கிறேன். "இந்த முயல் படம் ஸ்பீடு, ஆமை படம் ஸ்லோ." இங்கேயும் ஆமையா. "மெதுவா தள்ளினா மெதுவா போகும். முக்கியமா சீட்டவிட்டு எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா இன்ஜின் பட்டுன்னு நின்னுடும். ஆள் விழுந்துட்டான்னு அதுவே நினைச்சுக்கும்." நல்ல வண்டி, உட்கார்ந்திருக்கிறவனை ஆள் என்று நினைக்கிறது, மேசைக்கால் என்று நினைக்கவில்லை. மாப்பிள்ளை இன்னொன்றும் கேட்டுச் சொன்னார், அதுவும் தானாக, எதற்குக் கேட்டாரோ. "சொந்த இடத்துல ஓட்ட லைசென்ஸ் வேண்டாமாம் மாமா." லைசென்ஸ் வேண்டாம். டெஸ்ட் வேண்டாம். ரிவர்ஸ் வேண்டாம், பெஞ்ச் வேண்டாம், டீ கிளாஸ் வேண்டாம். இந்த வாழ்நாளில் நான் சந்தோஷமாகக் கேட்ட முதல் வேண்டாம் இதுதான்.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. உட்காரும் இடத்திலிருந்து உச்சந்தலை வரை ஒரு நடுக்கம் ஏறுகிறது, நல்ல நடுக்கம். இரண்டு லீவரையும் தள்ளுகிறேன். போகிறது! நான் தள்ளினேன், அது போகிறது, நடுவில் பிச்சாண்டி இல்லை, ஆவுடை இல்லை. ஜல்லி நறநற என்கிறது. முன்னால் ஆரஞ்சு கலரில் ஒரு கூம்பு வைத்திருக்கிறார்கள், அதைச் சுற்றிக்கொண்டு வர வேண்டுமாம். சரி, இடது பக்கம் திரும்ப வேண்டும், வலது கையைத் தள்ளு, இடது கையை இழு. இழுத்தேன். கொஞ்சம் நிறைய இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. கூம்பு நகர்ந்து போகிறது. கடை வருகிறது. ஆவுடை வருகிறாள். மாப்பிள்ளை வருகிறார். வண்டி வரிசை, ரோடு, கூம்பு, கடை, ஆவுடை, மாப்பிள்ளை. ஓகோ, நான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். நிறுத்தலாம். கையை விட்டால் நிற்குமோ? விடுவதாவது, ஆடுகிற பஸ்ஸில் கம்பியை விடச் சொல்கிற மாதிரி. இன்னும் இறுக்கிப் பிடிக்கிறேன், இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. ரோடு, கூம்பு, கடை, ஆவுடை. ஆவுடை பேசுகிறாள். "என்ன இது" என்றது ஒரு சுற்றில், "ஒரேயடியா" என்றது அடுத்த சுற்றில், "சுத்துதிய" என்று முடித்தாள். மாப்பிள்ளை முகம் வெளுத்திருக்கிறது, கையை ஆட்டுகிறார். ஷெரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா, போய்விட்டாள், அடுத்த சுற்றில் பார்க்கலாம். தலை சுற்றவில்லை, அதுதான் ஆச்சரியம். கோயிலில் இப்படித்தானே நாற்பது வருஷமாக நின்ற இடத்தில் சுற்றுகிறேன். சுற்றி முடித்து என்ன கேட்பேன்? சுபாவுக்கு நல்ல இடம் அமையணும், ஆவுடைக்குச் சர்க்கரை குறையணும், மழை பெய்யணும், டிரான்ஸ்பார்மர் வெடிக்காமல் இருக்கணும். எனக்கு என்று ஒன்று கேட்டேனா? சாமியே கேட்டாலும் உங்கள் இஷ்டம் என்றுதான் சொல்லியிருப்பேன். சாமி மூன்று தடவை கேட்கிற ஊர்ச் சாமிதான், ஆனாலும் இத்தனை பேருக்கு நடுவில் அவருக்கு நேரம் இருந்திருக்காது. கூம்பு, கடை, ஆவுடை, மாப்பிள்ளை. இந்தச் சுற்று முடிந்தால் என்னை இறக்கிவிடுவார்கள். இறக்கிவிட்டு, மாமா பயந்துட்டாங்க, இது வேண்டாம் என்று உள்ளே போவார்கள். ஆமை வரும். நாலு மாதம். காலில் முட்டும். யோசிக்கும். திரும்பிப் போகும். இல்லை. ரோடு. கூம்பு. கேட்டுவிடுகிறேன். கடை. யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். ஆவுடை. ஆனால் மாப்பிள்ளை நின்றுகொண்டிருக்கிறார், நான் உட்கார்ந்துகொண்டா கேட்பது? மாப்பிள்ளை.

எழுந்துவிட்டேன். இரண்டு லீவரையும் பிடித்தபடி, இடுப்பை வளைத்து, பாதி எழுந்து, இன்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று அடித்தொண்டையிலிருந்து, மின்கம்பத்தின் உச்சியில் இருக்கிற ஆளிடம் கீழேயிருந்து கத்துகிற குரலில், "மாப்பிள்ளை, எனக்கு" என்று ஆரம்பித்தேன். பட்டென்று இன்ஜின் நின்றது. சத்தம் நின்றது, சுற்று நின்றது, காற்றுகூட நின்ற மாதிரி இருந்தது. என் குரல் மட்டும் நிற்கவில்லை. "இந்த வண்டி வேணும்!" மைதானம் முழுக்கக் கேட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் நிமிர்ந்து பார்த்தது.

நான் பாதி எழுந்தபடியே நிற்கிறேன், உட்கார்வதா இறங்குவதா தெரியவில்லை. காது சுடுகிறது. கேட்டுவிட்டேன். கால் கழுவிய கையால் லீவரைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையிடம், சத்தமாக. மாப்பிள்ளை பக்கத்தில் வந்தார். "மாமா, நெஜமாவா?" என்றார். "அப்ப மொதல்ல வேண்டாம்னு சொன்னீங்க?" நான் ஆவுடையைப் பார்த்தேன். ஆவுடை கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "மாப்ள, உங்க மாமாட்ட எதயும் மூணு தடவ கேக்கணும். வேண்டாம்னு சொன்னாகன்னு விட்டுட்டியன்னா, பாத்ரூமுக்குள்ள போயி குழாயத் தொறந்து விட்டுட்டு முறுக்குத் திம்பாக." இவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது! மாப்பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் என்னென்னவோ ஓடியது, வந்திறங்கிய நாளிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்ப் பார்க்கிறார் என்று தெரிந்தது. கடைசியில் மிக மெதுவாகக் கேட்டார். "மாமா, அந்தத் தோசை?" நான் டம்ளர் குழியைப் பார்த்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு யாரும் சொல்லித் தரல மாமா. உங்களுக்கு இங்க எதுவுமே பிடிக்கலன்னு நினைச்சிட்டிருந்தேன். எதைக் கேட்டாலும் வேண்டாம் வேண்டாம்னு..." இந்தப் பிள்ளை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கராஜ் வழியாகப் போனது எனக்குப் பயந்து இல்லை, எழுந்து எழுந்து என் முழங்கால் வலிக்குமே என்று பயந்து. நான் அதற்கும் எழுந்து நின்றிருக்கிறேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், வந்ததிலிருந்து முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒண்ணு மட்டும் நல்லது மாமா. இந்த வண்டியில இருக்கிறப்போ எனக்காக நீங்க எந்திரிக்க முடியாது. எந்திரிச்சா நின்னுடும்."

ஆவுடை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இடது பக்கம் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். "இதுல நான் எங்க உக்கார?" என்றாள். இடமே கிடையாது, பையை வைத்துக்கொள்ளக்கூட இடம் கிடையாது, டம்ளர் குழி ஒன்றுதான் இருக்கிறது. "நீ எடது பக்கம் ஏதும் வருதான்னு நின்னு பாத்துச் சொல்லு" என்றேன். பதில் சொல்ல வாயைத் திறந்தவள், மாப்பிள்ளை இருக்கிறார் என்று மூடிக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் இருக்கிறது எனக்கு. இருக்கட்டும். அதற்குள் ஷெரில் வந்து மாப்பிள்ளையிடம் ஏதோ காட்டினாள். "மாமா, மேல நிழலுக்கு ஒரு கூரை மாதிரி தனியா விக்கிறாங்களாம். வெயிலுக்கு நல்லாருக்கும். போட்டுடலாமா?" "அதெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை, வேண்டாம்." சரி என்று ஷெரில் பக்கம் திரும்பினார். போச்சு. கூரை போச்சு. இரண்டு அடி நடந்தார். நின்றார். திரும்பி வந்தார். "வேண்டாமா மாமா?" "வேண்டாம் மாப்பிள்ளை, தலையில துண்டு போட்டுக்கிட்டா ஆச்சு." மாப்பிள்ளை ஆவுடையைப் பார்த்தார். ஆவுடை ரோட்டில் போகிற காரைப் பார்த்தாள். மாப்பிள்ளை என் பக்கம் குனிந்து, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக, மூன்றாவது தடவை கேட்டார். "மாமா. கூரை. போடச் சொல்லவா?"

சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். "இவ்வளவு சொல்லுதிய," என்றேன். "சரி, போடச் சொல்லுங்க."